செல்வம் திறவாத கதவு

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் பிறந்த நாளை ஆண்டுதோறும் ஒன்றுகூடிக் கொண்டாடுகிறோம். இவ்வாண்டு ‘சமயமும் சமூக ஏற்றத்தாழ்வும்’ என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் சமூகவியல் கற்றவன் அல்லன். வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பணத்தை எண்ணியவன். ஆகவே பணத்தால் ஆவது எது, ஆகாதது எது என்பதைச் சிறிது அறிவேன். அந்தச் சிற்றறிவைத் துணையாகக் கொண்டே பேசத் துணிந்தேன்.

உயர்வு தாழ்வுக்குக் காரணம் பொருள்தான் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடையவன் உயர்ந்தான், இல்லாதவன் தாழ்ந்தான், எல்லார்க்கும் பொருள் சேர்ந்துவிட்டால் வேற்றுமை மறைந்துவிடும் என்பது அக்கருத்து. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஏழாயிரம்பண்ணை.

ஏழாயிரம்பண்ணையில் கற்றது

1980களின் நடுவில் எனக்குச் சிவகாசி வட்டாரத்திற்குப் பணிமாறுதல் வந்தது. சாத்தூருக்குத் தென்மேற்கே கரிசல் நிலத்தின் நடுவில் அமைந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. ஒரு காலத்தில் அது ஒரு பாளையத்தின் தலைநகர். வானம் பார்த்த வேளாண்மை. மழை பொய்த்தால் மக்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசுமே கதி. அத்தொழிற்கூடங்களை அங்குள்ளோர் ‘ஆபீஸ்’ என்றே வழங்குவர். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, வந்த புதிதில் நான் திகைத்ததுண்டு. விடியற்காலையில் தூக்குவாளியுடன் பெண்கள் சாரிசாரியாக நடந்து செல்வார்கள். மாலையில் அவர்களுடைய விரல்களில் மருந்தின் நிறம் ஒட்டியிருக்கும்.

அவர்களுள் ஓர் அம்மையார் வங்கியில் சிறு கணக்கு ஒன்று வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் மகனின் படிப்புக்காக மாதந்தோறும் சேமித்து வந்தார். ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஏதோ ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தரக் கேட்டு எங்கள் வீட்டிற்கு வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நம் வீடுகளில் நீரை வடிகட்டித்தான் பருகுவோம் என்பது நீங்கள் அறிந்ததே. வடிகட்டிய நீர் குடத்தில் இருந்தது. அருகில் டம்ளர்களும் இருந்தன. நான் டம்ளரை எடுக்கவில்லை. அவர் இரு கைகளையும் குவித்து ஏந்த, செம்பிலிருந்து நீரை ஊற்றினேன். அவர் குடித்துவிட்டு, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு சென்றார். நானும் ஒரு நல்ல காரியம் செய்த நினைவோடு உள்ளே போனேன்.

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். அன்றும் கடும் வெயில். இம்முறை நானே தண்ணீர் தரட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சார், தண்ணி கொண்டாந்திருக்கேன்” என்று சொல்லி, தம் தூக்குவாளியைத் திறந்து குடித்தார். குரலில் கோபமில்லை, குறையும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவர் உழைத்துச் சேர்த்த பணத்தை வங்கியில் இரு கைகளாலும் வாங்கியிருக்கிறேன். எண்ணியிருக்கிறேன். ஊரின் பெருந்தனக்காரர்கள் செலுத்திய பணத்தோடு ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அங்கே எந்த வேற்றுமையும் எனக்குத் தோன்றவில்லை. டம்ளரில் மட்டும் தோன்றியது. நீரை வடிகட்டும் நோன்பு நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் காப்பதற்காக ஏற்பட்டது. தாகத்தோடு வந்தவர் யார் என்று கேட்கும்படி அந்நோன்பு எங்கும் சொல்லவில்லை. என் பழக்கம் ஒன்றை நோன்பின் பெயரால் நான் மறைத்துக்கொண்டிருந்தேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

பொருளும் மதிப்பும் வேறு வேறு

ஜெர்மன் நாட்டுச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் (1864-1920) இதனை விளக்கியிருக்கிறார் என்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன். வர்க்கம் வேறு, மதிப்புநிலை வேறு என்பது அவர் கருத்து. சந்தையில் ஒருவர் எதை விற்க முடியும், எதை வாங்க முடியும் என்பது வர்க்கத்தைக் காட்டும். யாரோடு அமர்ந்து உண்பது, யார் வீட்டில் பெண் கொள்வது, எவ்வகை வாழ்க்கை மேலானது என்பவை மதிப்புநிலையைக் காட்டும். இவ்விரண்டும் சில வேளை ஒன்றையொன்று தாங்கி நிற்கும்; சில வேளை எதிரெதிராக நிற்கும்.

எதிரெதிராக நின்றதற்குச் சான்று என் வீட்டிலேயே இருந்தது. என் தந்தையார் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிறு விவசாயி. வாழ்நாளெல்லாம் கடனோடு போராடியவர். ஆயினும் அவர் தெருவில் நடந்தால் திண்ணையில் இருந்தோர் எழுந்து நிற்பர். கடன் கொடுத்தவர்கூட ‘நயினார்’ என்று மரியாதையுடன்தான் அழைப்பார். இரவில் உண்ணாதவர், புலால் தொடாதவர், பொய் பேசாதவர் என்பதால் அம்மரியாதை. அது அவருடைய ஒழுக்கத்துக்குக் கிடைத்தது என்றே இளமையில் எண்ணினேன். அதே ஒழுக்கத்தோடு வேறொரு தெருவில் ஒருவர் பிறந்திருந்தால் அதே மரியாதை கிடைத்திருக்குமா என்று அன்று கேட்கத் தெரியவில்லை.

வெபர் நம் சமயத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உயிர்க்கொலைக்கு அஞ்சிய சமணர் உழவைத் தவிர்த்து வணிகத்திற்குச் சென்றனர் என்பது அவர் முடிவு. குஜராத்தையும் இராஜஸ்தானையும் பார்த்தால் அது பொருத்தமாகவே தோன்றும். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளைப் பார்த்தால் அம்முடிவு நிற்காது. அங்கே தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதவர்கள் நாம். அறம் ஒன்று, விரதம் ஒன்று, தீர்த்தங்கரர்களும் அவர்களே. ஆயினும் வடபுலத்துச் சமணர்க்கும் நமக்கும் தொழில் வேறு, மொழி வேறு, கொள்வினை கொடுப்பினையும் அரிது. சமயம் மனிதரை உருவாக்குகிறது என்பது உண்மை. மண்ணும் பழக்கமும் அச்சமயத்தை உருவாக்குகின்றன என்பதும் அவ்வளவே உண்மை.

மலையடிவாரத்தில் நிகழ்ந்தது

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் கழுகுமலை இருக்கிறது. விடுமுறை நாள்களில் நான் குடும்பத்துடன் அங்குச் செல்வதுண்டு. மலைமேல் நம் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயிலும் தேர்வீதிகளும் உள்ளன. என் பேச்சின் சாரம் முழுவதும் அந்த ஒரு மலையிலேயே அடங்கிவிடும். முதலில் அடிவாரத்தைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் நாடார் சமூகத்தார் வணிகத்தால் வளர்ந்தனர். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தனர். ஒவ்வோர் ஊரிலும் உறவின்முறை அமைத்து, வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்துப் பொதுப்பணிக்குச் செலவிட்டனர். பொருள் இருந்தது, ஒற்றுமை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் பல கோயில்களின் உட்புறம் அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. சில ஊர்களில் தேர்வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமையும் இல்லை.

கழுகுமலையில் கோயில் நிருவாகம் எட்டயபுரம் ஜமீனிடம் இருந்தது. தேர்வீதியில் உரிமை கேட்டு மறுக்கப்பட்டவர்களில் ஒரு சாரார் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, அதே தேர்வீதியில் தங்கள் வழிபாட்டிடத்தை அமைத்தனர். 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின.

கமுதியில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. 1897 மே மாதம் அவ்வூர் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. தூய்மைச் சடங்குக்கான செலவையும் அவர்களே தரவேண்டும் என்று கேட்கப்பட்டது. விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்ற அதே மன்னர்தாம் அவர். தனியொருவரின் தீய உள்ளத்தால் மட்டும் இவை நிகழ்வதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நல்லவரையும் தன்பக்கம் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் வழக்கத்திற்கு உண்டு. 1899இல் மதுரை நீதிமன்றமும், 1901இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் ஒரே தீர்ப்பை வழங்கின. நுழைய உரிமை இல்லை என்பதே தீர்ப்பு. அவ்வழக்கின் மையக் கேள்வி வழக்கம் எது என்பதுதான். வழக்காடியோரின் செல்வத்தால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. அதற்கும் பின்னணியில் கோயில் நுழைவுப் பூசல் இருந்தது. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று முதியவர்கள் அதனை இன்றும் நினைவுகூர்வர். 

அச்சமூகம் சோர்ந்துவிடவில்லை. விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி திரட்டிச் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினர். காமராசர் படித்தது அப்பள்ளியில்தான். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அத்தொழிலே பின்னர் ஏழாயிரம்பண்ணை வரை பரவியது. இத்தனைக்குப் பின்னும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு 1939 ஜூலை 8ஆம் நாள் வரை அவர்களுக்குத் திறக்கவில்லை. அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஐவரும் விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் உள்ளே சென்றனர். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களுள் ஒருவர். பிறகே சட்டம் வந்தது.

கமுதியில் நுழைந்ததற்கும் மதுரையில் நுழைந்ததற்கும் இடையே 42 ஆண்டுகள். செல்வம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பள்ளி கட்டியதும், இலண்டன் வரை வழக்காடியதும் செல்வத்தின் துணையால்தான். ஆனால் அந்தக் கதவின் பூட்டு பணத்தால் செய்யப்பட்டதன்று. ஆகவே பணம் என்னும் சாவி அதில் சேரவில்லை.

இதில் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளியின் பெயரைக் கவனியுங்கள்: சத்திரிய வித்தியாசாலை. தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் எழுந்து நிற்கும்போது, ‘நாங்களும் உயர்ந்த வருணத்தார்’ என்று சொல்ல வேண்டிய நிலையில் அக்காலம் அவர்களை நிறுத்தியிருந்தது. சமூகவியலறிஞர் எம். என். ஸ்ரீநிவாஸ், சமூகங்கள் மேல்நிலை பெறுவதற்காக மேலோரின் பழக்கங்களை ஏற்பதைச் சமஸ்கிருதமயமாதல் என்று பெயரிட்டு விளக்கினார். அவ்வாறு ஏற்கப்படும் பழக்கங்களுள் ஒன்று புலால் மறுத்தல். இவ்விடத்தில் நமக்குச் சற்றுக் கூச்சம் வரவேண்டும். உயிரிரக்கத்தால் பிறந்த ஒரு நோன்பு, ‘நான் உன்னிலும் மேலானவன்’ என்று காட்டும் அடையாளமாக நம் நாட்டில் மாறிப்போயிருக்கிறது.

மலைமேல் உள்ளது

இனி மலைமேல் ஏறுவோம். அங்குள்ள பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் வீற்றிருக்கின்றனர். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா, பத்மாவதி ஆகியோரின் உருவங்களும் உள்ளன. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சிக் காலத்தில் அவை செதுக்கப்பட்டன. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் உள்ளன. அவை அரசனின் வெற்றிகளைப் பாடுபவையல்ல. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி என்று சொல்பவை.

அவ்வாறு செய்வித்தவர்கள் பல ஊரினர். கோட்டாறு முதலிய தொலைவூர்ப் பெயர்களும் அங்கு உள்ளன. தச்சர், குயவர் முதலிய கைத்தொழிலாளரும் அங்கே பெயர் பெற்றிருக்கின்றனர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் மிகுதி. திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார் என்று மாணாக்கரை உடைய பெண்துறவியரின் பெயர்களைப் பாறை இன்றும் தாங்கி நிற்கிறது. ஒருவர் செய்வித்த உருவத்துக்கு அருகிலேயே மற்றொருவர் செய்வித்த உருவம். அருகரின் வரிசையில் தச்சருக்கு ஒரு மூலை, தலைவனுக்கு ஒரு மேடை என்ற பிரிவு இல்லை.

அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிச்சயமாக இருந்திருக்கும். ஆனால் ஒரு குயவர் தம் பொருளைக் கொண்டுவந்து வைத்தபோது, அவர் பெயரையும் பாறையில் பொறித்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே மலையின் அடிவாரத்தில், பெருஞ்செல்வரானவர்கள் தெருவில் நடப்பதற்கு வழக்காட நேர்ந்தது. மலைமேல் நடந்ததும் சமயத்தின் பெயரால்தான். அடிவாரத்தில் நடந்ததும் சமயத்தின் பெயரால்தான். ஆகவே சமயம் மனிதரைப் பிரிக்குமா, சேர்க்குமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அதைக் கையில் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. இன்று அது நம் கையில் இருக்கிறது.

நம் நூல்கள் சொல்வது

இரத்தினகரண்டக சிராவகாசாரம் செய்த சமந்தபத்திரரை நாம் அனைவரும் அறிவோம். நம் அருங்கலச்செப்பு அந்நூலின் வழிவந்ததே. நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகை மதங்களை, அதாவது செருக்குகளை, அவர் எண்ணிக் காட்டுகிறார்: அறிவு, பெறும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடலழகு. குலம் என்பது தந்தை வழி, சாதி என்பது தாய் வழி என உரைப்பர். செல்வச் செருக்கை ஓரிடத்தில் வைத்த ஆசிரியர், பிறப்புச் செருக்கை அதனோடு சேர்த்துவிடாமல் தனியே, அதுவும் இரண்டாக வைத்திருக்கிறார். பொருளால் வரும் உயர்வு வேறு, பிறப்பால் கொள்ளும் உயர்வு வேறு என்பதை வெபருக்கு நூற்றாண்டுகள் பலவற்றின் முன்பே நம் ஆசாரியர் கண்டிருந்தார் என்று கொள்ளலாம். தவச் செருக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை. நோன்பு நோற்பதாலேயே தலைநிமிர்ந்தால் அதுவும் குற்றமே. நான் செம்பிலிருந்து ஊற்றிய நீரில் குலமும் தவமும் ஆகிய செருக்குகள் கலந்திருந்தன.

புலைக்குடியில் பிறந்தவரேனும் நற்காட்சி உடையவராயின், சாம்பல் மூடிய கனல் போன்றவர் என்பதும் அவர் காட்டும் உண்மை. நாம் காண்பது சாம்பலை மட்டுமாயின் குறை நம் கண்ணில் உள்ளது.

ஆதிபகவன் உலகிற்கு அறுதொழில் கற்பித்ததை நம் குழந்தைகளும் சொல்வார்கள். வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன அவை. வாழ்வதற்காகக் கற்பித்த தொழில்கள் அவை. ஒருவரை ஒருவர் அளப்பதற்காக அல்ல. பிற்காலத்தில் நம் நூல்களிலும் பிறப்புவழிப் பிரிவுகள் புகுந்தன என்பதை மறைப்பதில் பயனில்லை. நம்மைச் சூழ்ந்திருந்த சமுதாயத்தின் வழக்கம் நம் வீட்டுக்குள்ளும் வந்தது. சமவசரணத்தில் தேவரும் மனிதரும் விலங்குகளும் ஒரே திருமொழியைக் கேட்டனர் என்று பக்தியோடு வாசிக்கிறோம். புலியும் பசுவும் ஒருங்கே அமர்ந்ததை நம்புகின்ற நாம், மனிதர் இருவர் ஒரு பந்தியில் அமர்வதற்குத் தயங்குகிறோம்.

நம் வாசலில்

அன்பர்களே! இன்று காலை இவ்வளாகத்திற்குள் நுழைந்தபோது பந்தலையும் தோரணத்தையும் கண்டு மகிழ்ந்தேன். நேற்றிரவு வெகுநேரம் சிலர் ஏணி மீது நின்று அவற்றைக் கட்டினார்கள். சிலர் பாத்திரம் கழுவினார்கள். சிலர் இன்று ஊர்வலத்தில் மேளம் வாசித்தார்கள். அவர்களுக்குரிய கூலியை அறக்கட்டளை முறையாகத் தந்திருக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் எங்கே உண்டார்கள் என்பதே என் கேள்வி. சில இடங்களில் அவர்களுக்குக் கொட்டகைக்குப் பின்புறம், எல்லோரும் உண்டு முடித்த பிறகு இலை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கூலியில் குறை வைக்காத நாம் இலையில் குறை வைக்கிறோம். இது பொருளாதாரக் குறையன்று. இதைத் தீர்க்க நிதி திரட்ட வேண்டியதில்லை. அடுத்த பந்தியில் அவர்களையும் அழைத்து, நம்மோடு அமர்த்தினால் போதும்.

அவ்வாறே வீடு வாடகைக்கு விடும்போது ‘நீங்கள் எந்த ஆட்கள்’ என்று கேட்கும் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். வீட்டிற்குள் புலால் சமைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நம் விரதத்தைப் பற்றியது. பிறப்பைக் கேட்பது விரதத்தைப் பற்றியதன்று. நம் பெண்களும் பிள்ளைகளும் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். வர்க்கத்தில் நாம் உயர்ந்துவிட்டோம். அவ்வுயர்வு நம் மனத்தையும் தானாகவே உயர்த்திவிடும் என்று எண்ணுவது, மீனாட்சியம்மன் கோயிற் கதவு பணத்தால் திறக்கும் என்று எண்ணியது போன்றதே.

நிறைவாக அந்த அம்மையாரைப் பற்றி ஒரு சொல். ஏழாயிரம்பண்ணையை விட்டு வரும் முன் அவர் வீட்டிற்கு நானும் என் மனைவியும் சென்றோம். ஒற்றை அறை வீடு. அவர் பாயை விரித்து அமரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்கத் தயங்கியது அவர் முகத்தில் தெரிந்தது. நானே கேட்டேன். அவர் ஒரு டம்ளரை எடுத்து, மேல்துண்டின் நுனியை மடித்து அதன் வாயில் வைத்து, அதன் வழியே நீரை ஊற்றித் தந்தார். நாங்கள் வடிகட்டிக் குடிப்பவர்கள் என்பதை அவர் மறந்திருக்கவில்லை. எங்கள் நோன்பை அவர் காத்துக் கொடுத்தார். அவருடைய மதிப்பை நான் காத்துக் கொடுத்திருக்கவில்லை.

அந்த நீரின் கடன் என்னிடம் இன்னும் இருக்கிறது. இன்றைய பந்தியில் நம்மருகே அமரப்போகிறவரிடம் அதனைச் சிறிதேனும் செலுத்துவோம்.

எவ்வுயிரும் இன்புற்று வாழ்க! அறவாழி அந்தணன் திருவடி வாழ்க! ஜெய் ஜினேந்திரா!